'ஆம்' என்றால் 'இல்லை'யா?

"அறிவியலுக்கும் வணிகத்திற்கும் வழக்குமன்றத்திற்கும் ஐயமற்ற மொழி வேண்டும், அத்தகைய மொழி ஆங்கிலமே, தமிழோ வளைந்தும் நெளிந்தும் பேசும் மொழி" என்று கூறித் தம் மக்களைத் தாய்மொழியினின்று பெயர்த்தெடுக்கும் பெற்றோர் நாட்டில் பெருகிவிட்டனர். இக்கூற்று மெய்யா பொய்யா என்பதை ஆராய்வதற்குப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டா; கலைச்சொல் அகரமுதலிகளை எடைபோடவும் வேண்டா. ஒரு மொழியின் மிகச் சிறிய சொற்களை எடுத்துக்கொண்டு பார்த்தாலே போதும். கேட்ட வினாவிற்கு உடன்பாடு கூற ஒரு சொல்லும், மறுப்புக் கூற ஒரு சொல்லும் எந்நாளும் எவர்க்கும் வேண்டுவன. ஆங்கிலத்தில் அவை 'யெசு' என்பதும் 'நோ' என்பதுமாகும். ஆங்கிலம் கற்கும் தமிழ்க் குழந்தை முதல் நாளிலேயே கற்கும் சொற்கள் இவை. கல்லூரிப் படிப்பை முடித்து ஆங்கிலத்திலேயே அலுவல் பார்க்கும் தமிழரும் தடுமாறி விழும் சொற்களும் இவையே. தமிழர் மட்டுமல்லர், ஆங்கிலேயரே இவற்றில் தடுமாறுகின்றனர்.

ஒரு வினா, இரு விடை

"நீ இன்னும் உண்ணவில்லையா?" என்று ஆங்கிலத்தில் ஒருவர் வினவுகிறார். வினவப்பட்ட தமிழர் உண்ணவில்லை. கேட்டவர் கூற்று உண்மையாகலின், அதனை ஒப்பி 'யெசு' என்கிறார். கேட்ட ஆங்கிலேயரோ, இவர் உண்டுவிட்டார் என்று கொள்கிறார். ஒரே சொல், சொன்னவர்க்கு ஒரு பொருள், கேட்டவர்க்கு அதற்கு நேர்மாறான பொருள். இருவரும் தாம் பேசியது விளங்கிவிட்டது என்ற உறுதியோடு பிரிந்து செல்கின்றனர். விளங்காத பேச்சைக் காட்டிலும் இது கேடு மிக்கது. விளங்கவில்லை என்றால் மீண்டும் கேட்பர். மாறாக விளங்கிவிட்டால் ஒருவரும் கேளார்.

இதன் அடிப்படை யாது? எதிர்மறை வினாவிற்கு விடையிறுக்கும் முறை உலக மொழிகளில் இரு திறப்படும். கேட்டவர் கூற்றை ஒப்புவதா மறுப்பதா என்று நோக்கி விடை சொல்வது ஒரு திறம். தமிழில் "ஆம், உண்ணவில்லை" என்பது இத்திறத்தது. சப்பானியமும் சீனமும் கொரியமும் இவ்வழியே செல்வன. கேட்டவர் எவ்வாறு கேட்பினும் அதனைப் பொருட்படுத்தாது, வினை நிகழ்ந்ததா இல்லையா என்பதை மட்டும் நோக்கி விடை சொல்வது மற்றொரு திறம். ஆங்கிலம் இத்திறத்தது. அம்மொழியில் உண்டிருந்தால் 'யெசு', உண்ணாதிருந்தால் 'நோ', வினா உடன்பாடாக வரினும் எதிர்மறையாக வரினும் அஃதே.

இவ்விரு திறத்துள் எதுவும் இழிந்ததன்று. ஆயினும் இவ்வேறுபாட்டை ஆங்கிலப் பாடநூல்கள் வெளிப்படையாக எடுத்துரைப்பது அரிது. "வீட்டுப்பாடம் எழுதவில்லையா?" என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்க, "யெசு" என்று சொல்லும் சிறுவனைப் பார்த்து வகுப்பே சிரிக்கிறது. அச்சிறுவன் ஆங்கிலத்தில் பிழை செய்தான் என்பது மெய்யே. ஆனால் அவன் அறிவிலி அல்லன். தன் தாய்மொழியின் நெறியைப் பிழையாது பின்பற்றியவன். அவ்வேறுபாட்டை அவனுக்குச் சொல்லிக்கொடாமல் சிரிப்பவரே அறியாதவர்.

இசைவு தரும் 'நோ'

எதிர்மறை வினாவோடு இக்குழப்பம் முடிந்தபாடில்லை. 'மைண்டு' என்னும் சொல்லை வைத்து ஆங்கிலேயர் பணிவாக ஒன்றை வேண்டுவர். "நான் இங்கே அமர்வதில் உமக்கு மனக்குறை உண்டா?" என்பது அதன் கருத்து. இசைவு தருபவர் 'நோ' என்றும், இசையாதவர் 'யெசு' என்றும் சொல்ல வேண்டும். அஃதாவது, ஒன்றை ஒருவர் வேண்டி நிற்க, அதற்கு இசைபவர் மறுப்புச் சொல்லைச் சொல்ல, மறுப்பவர் உடன்பாட்டுச் சொல்லைச் சொல்கிறார். இந்நெறி ஆங்கிலேயர்க்கே நிலைக்கவில்லை. அவருள் பலர், "யெசு, அமருங்கள்" என்றே நாள்தோறும் சொல்கின்றனர்; கேட்பவர் அவர்தம் முகக்குறிப்பையும் கையசைவையும் கொண்டே பொருள் உணர்கின்றார். தொலைப்பேசியில் முகமும் இல்லை, கையும் இல்லை.

விருந்தோம்பலிலும் இவ்வாறே. "இன்னும் சிறிது தேநீர் வேண்டுமா?" என்று கேட்டால், 'யெசு' என்றும் சொல்லார், 'நோ' என்றும் சொல்லார், "நான் நன்றாக இருக்கிறேன்" என்று பொருள்படும் தொடரைச் சொல்வர். வேண்டா என்பது அதன் கருத்து! நலம் வினவாதவர்க்கு நலம் கூறுகிறாரே என்று அயலார் மயங்குவர்.

இனி, 'யா, நோ' என்று இரண்டையும் ஒருங்கே சொல்லி விடையைத் தொடங்கும் வழக்கம் ஆங்கிலப் பேச்சில் மிகுந்துவிட்டது. கேட்டவர் சொன்னதை ஏற்றேன், ஆயினும் உடன்படேன் என்பது ஓரிடத்தில் அதன் பொருள். நீர் மறுத்ததையே நானும் மறுக்கிறேன் என்பது மற்றோரிடத்தில் பொருள். சில இடங்களில் பேச்சைத் தொடங்கும் இருமல் போன்றதே அன்றி அதற்குப் பொருளே இல்லை. ஆசுத்திரேலிய ஆங்கிலத்தில் இத்தொடர் வழங்கும் முறை குறித்து, கேத்து பரிட்சு, மார்கரெட்டு புளோரி என்னும் மொழியறிஞர் இருவர் 2002-இல் ஓர் ஆய்வுரையே எழுதினர். உடன்பாடும் மறுப்பும் ஒரே மூச்சில் வரும் விடைக்குப் பொருள் காண ஆய்வறிஞர் வேண்டியிருக்கிறது. இம்மொழியே ஐயமற்ற மொழி என்று தமிழ்ப் பெற்றோர் நம்புகின்றனர்.

நான்கு இரண்டாகிய வரலாறு

ஆங்கிலம் தொடக்கத்தில் இவ்வாறு இருந்ததில்லை. ஒரு காலத்தில் அம்மொழியில் விடைச்சொற்கள் நான்கு இருந்தன. அவை 'யேய்', 'நேய்', 'யெசு', 'நோ' என்பன. "வந்தானா?" என்று உடன்பாட்டு வாய்பாட்டில் கேட்டால், வந்திருப்பின் 'யேய்' என்றும், வாராதிருப்பின் 'நேய்' என்றும் விடை கூறினர். "வரவில்லையா?" என்று எதிர்மறை வாய்பாட்டில் கேட்டால், வந்திருப்பின் 'யெசு' என்றும், வாராதிருப்பின் 'நோ' என்றும் கூறினர். விடைச்சொல்லைக் கேட்ட அளவிலேயே, எவ்வகை வினாவிற்கு எவ்வகை விடை என்பது விளங்கிற்று.

அவ்வமைப்பு 16ஆம் நூற்றாண்டிலேயே நெகிழத் தொடங்கிவிட்டது. விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் திண்டேல், யோவான் நற்செய்தியில், "நீ அந்த இறைவாக்கினனா?" என்னும் வினாவிற்கு விடையாக 'நேய்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நோ' என்று எழுதிவிட்டார். அவரோடு சமயப்பூசல் கொண்டிருந்தவரும் மன்னன் எட்டாம் என்றியின் ஆட்சியில் மிக உயர்ந்த பொறுப்பை வகித்தவருமாகிய தாமசு மோர், 1532-இல் வெளியான தம் மறுப்பு நூலில் இதனை எடுத்துக்காட்டி, ஆங்கிலத்தின் எளிய இரு சொற்களையே வேறுபடுத்தி அறியாதவர் மறைநூலைப் பெயர்க்கத் தகுவரோ என்று இடித்துரைத்தார். இதில் நகைக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நெறியை விளக்கப் புகுந்த மோரே, எச்சொல் எவ்வினாவிற்கு உரியது என்பதை ஓரிடத்தில் தலைகீழாக எழுதிவிட்டார்! குற்றம் சாற்றியவர்க்கும் சாற்றப்பட்டவர்க்கும் ஒருங்கே பிடிபடாத நெறி நெடுநாள் வாழாது. சேக்குசுபியர் எழுதிய காலத்திற்குள் அது பெரும்பாலும் மறைந்தது. நான்கு சொற்கள் செய்த வேலையை இரண்டு சொற்கள் தலையில் சுமந்தன. அச்சுமையே இன்றைய குழப்பம்.

ஆங்கிலத்தின் உடன்பிறப்பு மொழிகள் இவ்விழப்பிற்கு இடங்கொடுக்கவில்லை. செருமானியத்தில் 'யா', 'நைன்' என்னும் இரண்டொடு, எதிர்மறை வினாவை மறுத்து 'நிகழ்ந்ததே' என்று கூறுதற்கென்றே 'தோக்கு' என்னும் மூன்றாஞ்சொல் உண்டு. பிரெஞ்சில் 'உய்', 'நோன்' என்பவற்றோடு 'சி' என்பது அவ்வேலையைச் செய்கிறது. இடச்சு மொழியில் 'யாவெல்' என்பது உண்டு. ஐரிசு மொழியிலோ உடன்பாட்டிற்கும் மறுப்பிற்கும் பொதுவான தனிச்சொற்களே இல்லை; "வந்தாயா?" என்றால் "வந்தேன்" என்று வினையைக் கொண்டே விடையிறுப்பர். பழைய இலத்தீனும் பெரும்பாலும் அவ்வழியே நின்றது. இவற்றை நோக்க, ஆங்கிலம் இவ்வொரு கூற்றில் செல்வம் இழந்து நிற்கும் மொழி என்பது தெளிவு.

ஆங்கிலமே நம்பாத சொற்கள்

இக்குழப்பம் சிரித்துவிட்டுப் போகும் அளவினது மட்டுமாயின் இத்துணை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அறுவைக்குக் காத்திருக்கும் நோயாளியிடம், "நீங்கள் ஒன்றும் உண்ணவில்லையே?" என்று செவிலியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். "யெசு" என்கிறார் நோயாளி. வெறுவயிற்றோடு இருக்கிறார் என்று கொள்வதா, உண்டுவிட்டார் என்று கொள்வதா? மயக்கமருந்து செலுத்தும்போது வயிற்றில் உணவு இருப்பின் அது மேலெழுந்து மூச்சுக்குழலிற் புகுந்து உயிர்க்கே கேடு செய்யும். ஒரு சொல்லின் பொருள் ஓருயிரின் விலையாகும் இடம் அது.

வழக்குமன்றத்திலும் இவ்வாறே. "நீ அன்று அங்கே செல்லவில்லை, அப்படித்தானே?" என்று குறுக்கு வினவும் வழக்கறிஞர்க்கு 'யெசு' என்றாலும் 'நோ' என்றாலும் ஐயமே எஞ்சும். ஆசுத்திரேலியப் பழங்குடி மக்கள் அச்சத்தாலும் பணிவாலும் கேட்ட வினாவிற்கெல்லாம் 'யெசு' என்றே சொல்லிவிடுவதும், அது குற்ற ஒப்புதலாகக் கொள்ளப்படுவதும் அந்நாட்டில் பெருங்கேடாய் முடிந்தன. அதனால் தயானா ஈட்சு என்னும் மொழியறிஞர் 1992-இல் வழக்கறிஞர்க்கென்றே ஒரு கைந்நூல் எழுதி எச்சரிக்க வேண்டியதாயிற்று. அயலான் மொழியில் அயலான் மன்றில் நிற்கும் எளியவனுக்கு, 'யெசு' என்பது உடன்பாடு அன்று. "என்னை விட்டுவிடுங்கள்" என்பதே அதன் பொருள்.

வான்வழியில் நேர்ந்ததோ இன்னும் கொடிது. 1977-ஆம் ஆண்டு மார்ச்சு 27-இல் கனரித் தீவுகளைச் சார்ந்த தெனெரிஃபில், மூடுபனியினிடையே இரு பெருவானூர்திகள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் மாண்டனர். விளைவிற்கு வழிகோலியவை பல. அவற்றுள் ஒன்று சொல். இடச்சு வானூர்தியினர் தாம் புறப்படுகின்ற செய்தியைத் தெளிவற்ற ஆங்கிலத் தொடரால் அறிவித்தனர். கோபுரத்திலிருந்தவர் 'ஓகே' என்று தொடங்கி, பொறுத்திருக்குமாறு கூறினார். பின்னையது அலை இரைச்சலில் மறைந்தது. 'ஓகே' மட்டும் சென்று சேர்ந்தது. அவ்வூர்தியினுள்ளே பொறியாளர், "அந்த ஊர்தி பாதையை விட்டு நீங்கவில்லையா?" என்று தம் இடச்சு மொழியில் எதிர்மறையாகவே வினவினார். 'யாவெல்' என்றார் தலைவர். அச்சொல் மொழியளவில் ஐயத்திற்கு இடமற்றது. "நீங்கிவிட்டதே" என்பதே பொருள். அவர் கொண்ட செய்திதான் பிழை. தாய்மொழிச் சொல் தெளிவாயிருந்தது. ஆங்கிலச் சொல்லே இரு பொருள்பட்டு நின்றது.

இன்று வான்வழிப் பேச்சிற்கு உலகளாவி வகுத்த நெறியில், 'யெசு', 'நோ' என்பவற்றிற்கு இடமில்லை. 'அஃபர்ம்' என்றும் 'நெகட்டிவ்' என்றும் முழுச்சொற்களே வழங்கவேண்டும். 'உரோசர்' என்பதற்குச் செய்தி கிடைத்தது என்பதே பொருள்; ஆமா இல்லையா என்னும் வினாவிற்கு அதனை விடையாகக் கூறலாகாது என்பதும் அந்நெறியே.

இன்னும் நோக்குக. ஆங்கிலேயரின் திருமணத்தில், இவளை மனைவியாகக் கொள்வாயா என்று திருச்சவையார் கேட்க, 1662-ஆம் ஆண்டின் வழிபாட்டு நூற்படி மணமகன் 'யெசு' என்று சொல்வதில்லை. "கொள்வேன்" என்று பொருள்படும் வினையையே சொல்கிறான். குற்றம் சாற்றப்பட்டவன் மன்றில் 'யெசு', 'நோ' என்று சொல்வதில்லை. "குற்றமுடையேன்", "குற்றமிலேன்" என்று பொருள்படவே சொல்கிறான். அவர்தம் பெருமக்கள் அவையில் வாக்களிப்போர் "இசைந்தோம்", "இசைந்திலோம்" என்றே பிரிகின்றனர். உயிரும் உரிமையும் வாழ்வும் ஒரு சொல்லில் தொங்கும் இடங்களில் ஆங்கிலேயர் தம் 'யெசு'வை நம்புவதில்லை. வினையையோ முழுச்சொல்லையோ நாடுகின்றனர். ஆங்கிலம் இடர் வந்துழிக் கைக்கொள்ளும் இந்நெறியே தமிழின் நாட்பேச்சு நெறி.

தமிழ் மறுமொழி

"வந்தாயா?" என்றால் "வந்தேன்"; "உண்கிறாயா?" என்றால் "உண்கிறேன்", "தருவாயா?" என்றால் "தருவேன்". தமிழ் வினைமுற்று தன்னுள்ளேயே செய்தவனையும் காலத்தையும் உணர்த்துவதாகலின், ஒரு சொல்லே முழுத்தொடராகி நிற்கிறது. ஆங்கிலத்தில் இதனைச் சொல்ல இரு சொற்களேனும் வேண்டும். தமிழில் ஒன்றே போதும். ஆகவே சுருக்கத்திற்காகத் தெளிவை விற்க வேண்டிய தேவை தமிழனுக்கு இல்லை. "வரவில்லையா?" என்று எதிர்மறையில் கேட்பினும், "வந்தேன்" என்றோ "வரவில்லை" என்றோ வினையைச் சொல்லிவிட்டால் ஐயத்திற்கு வழியே இல்லை.

மறுப்பிலும் தமிழ் நுண்மை வாய்ந்தது. பணம் இருக்கிறதா என்றால் 'இல்லை'. இது பணமா என்றால் 'அன்று'. பணம் வேண்டுமா என்றால் 'வேண்டா'. தருவாயா என்றால் 'தரமாட்டேன்'. தரமுடியுமா என்றால் 'முடியாது'. எடுக்கலாமா என்றால் 'கூடாது'. எங்கே என்று தெரியுமா என்றால் 'தெரியாது'. இவ்வேழிற்கும் ஆங்கிலன் தனித்துக் கூறும் மறுசொல் 'நோ' ஒன்றே. உள்ளதன் இன்மை, ஒன்றன் பிறிதாந்தன்மை, விருப்பின்மை, இசைவின்மை, ஆற்றலின்மை, தகவின்மை, அறிவின்மை என எழுவகை மறுப்பையும் கேட்ட அளவில் பிரித்துணர்த்தும் மொழியை, நெளிந்து பேசும் மொழி என்பவர் அதனைக் கற்றவரல்லர்.

இந்நுண்மை தானாக வந்ததன்று. வினாவும் விடையும் வழுவாது காக்கப்பட வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் நெறியாகவே வகுத்தார். 'இல்லை' என்று சொல்வதற்கும் அவர் முறை கூறினார். பயறு வாங்க வந்தவன் பயறு உண்டா என்று வணிகனைக் கேட்டால், வெறுமனே இல்லை என்று துரத்தாமல், உழுந்தல்லது இல்லை என்று, இருக்கும் பொருளைச் சொல்லி மறுக்க வேண்டும் என்பது அந்நூற்பாவிற்கு உரையாசிரியர் காட்டும் விளக்கம். மறுப்பும் கேட்டவனுக்குப் பயன்பட வேண்டும் என்று கருதிய பண்பாடு அது.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் விடையை எட்டாகப் பகுத்தார். "நாளைக் கூட்டத்திற்கு வருவாயா?" என்னும் வினாவை வைத்துப் பார்க்கலாம். "வருவேன்" என்பது நேர்விடை. "வாரேன்" என்பது மறைவிடை. "நீயே போ" என்பது ஏவல்விடை. "வராமல் இருப்பேனா?" என்பது வினாவெதிர் வினாவிடை. "கால் வலிக்கிறது" என்பது உற்றதுரைத்தல். "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல். "பந்தல் போட வருவேன்" என்பது இனமொழி விடை. எட்டாவதாகிய சுட்டுவிடை, வழி யாது என்று கேட்டார்க்கு இது என்று காட்டுவது. சுட்டும் நேரும் மறையும் நேரே விடையாவன. ஏனைய ஐந்தும் விடையைப் பயப்பன என்று இவற்றையும் பிரித்தனர். மேலே காட்டிய விடைகளுள் ஒன்றேனும் வெற்று 'ஆம்', வெற்று 'இல்லை' என்பவற்றால் அமையவில்லை என்பது நோக்கத்தக்கது.

தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழும். "தமிழிலும் 'வரவில்லையா?' என்பதற்குச் சிலர் 'ஆமாம்' என்கின்றனர். சிலர் 'இல்லை' என்கின்றனர். இரண்டிற்கும் வரவில்லை என்பதே பொருளாகிறது. சிலபோது 'இல்லையே, வந்தேனே' என்று மறுப்பதற்கும் 'இல்லை' வருகிறது. இது மட்டும் குழப்பம் அன்றோ?" என்பர். தடை தக்கதே. வெற்றுச் சொல்லளவில் நின்றுவிட்டால் தமிழிலும் ஐயம் பிறக்கும் என்பதை மறைக்க வேண்டா. ஆயினும் தமிழ் மரபு அவ்வளவில் நிற்பதன்று. அச்சொல்லின் பின்னே வினை வந்தே தீரும். "இல்லை, வரவில்லை" என்றும் "இல்லையே, வந்தேனே" என்றும் முழுமையாகச் சொல்லும் வழக்கே ஊர்ப்புறத்துப் பாட்டியரிடமும் உழவரிடமும் இன்றும் கேட்கப்படுகிறது. வினையை விழுங்கிவிட்டு ஒற்றைச் சொல்லோடு முடிப்பது ஆங்கிலப் பழக்கத்தின் தொற்று.

தமிழ்நாட்டு வழக்குமன்றங்களிற் சான்றுரைப்போர் வாய்மொழி எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை நோக்கினும் இது விளங்கும். "நான் அங்குச் செல்லவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்று முழுத்தொடராகவே பதிவர். வெறும் ஆமும் இல்லையும் பின்னாளில் எவ்வாறும் திரிக்கப்படலாம் என்பதை மன்றம் அறியும்.

"அரிசி தீர்ந்ததை 'நிறைந்திருக்கிறது' என்கிறீர்களே, அது தலைகீழ் அன்றோ?" என்று வேறு சிலர் கேட்பர். அது மங்கல வழக்கு. இலக்கணம் அதற்குப் பெயரிட்டு, இடம் வகுத்து, தகுதி வழக்கினுள் அடக்கியிருக்கிறது. அடுப்படியில் அதனைக் கேட்ட மருமகள் அரிசி வாங்க ஆளனுப்புவாளே அன்றி, உலை வைக்கமாட்டாள்.

தமிழர் செய்ய வேண்டுவன

முதலாவது, ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை வெளிப்படையாகக் கற்பித்தல் வேண்டும். எதிர்மறை வினா வந்துழி, கேட்டவர் சொல்லை மறந்து நிகழ்ச்சியை மட்டும் நோக்குக. ஒற்றைச் சொல்லோடு நில்லாது வினையையும் சேர்த்துச் சொல்லுக என்னும் இரண்டே நெறிகள் போதும். கால் நாழிகையில் கற்பிக்கத்தக்கதைக் கற்பியாது, ஆண்டுக்கணக்கில் குழந்தையைக் கூனிக்குறுகச் செய்வது கல்வி அன்று. தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகள் ஆங்கிலத்திலும் ஆழ்ந்த புலமையுடையராயிருந்தார். ஆங்கிலத்தைப் பிழையறக் கற்பது தமிழ்ப்பற்றுக்கு மாறன்று. அதனைத் தலைமேல் வைத்துத் தொழுவதே மாறு.

இரண்டாவது, தமிழிற் பேசும்போது 'யா', 'நோ', 'ஓகே' என்பவற்றை அறவே விலக்க வேண்டும். இவை வெறும் அயற்சொற்கள் மட்டுமல்ல. 'யா' என்னும்போது ஒரு வினைமுற்று வீழ்கிறது. 'நோ' என்னும்போது அன்று, வேண்டா, கூடாது, மாட்டேன் என்னும் வேறுபாடு அனைத்தும் வீழ்கின்றன. ஆங்கிலம் 16ஆம் நூற்றாண்டில் நான்கை இரண்டாக்கி வருந்துகிறது. தமிழர் தம் ஏழை ஒன்றாக்கிக்கொண்டிருக்கின்றனர். 'வேண்டா' என்று சொல்ல வேண்டிய இடத்திலும் 'அன்று' என்று சொல்ல வேண்டிய இடத்திலும் 'இல்லை' என்றே சொல்லும் இளைஞரை நகரங்களில் இன்று காணலாம். சொல் போனால் அதனோடு எண்ணமும் போகும்.

மூன்றாவது, படிவங்கள். ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்குவோர் எல்லா வினாவின் எதிரிலும் 'ஆம் / இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு அச்சிடுகின்றனர். "இது உமது சொந்த வீடா?" என்பதற்கு மறுவிடை 'இல்லை' அன்று, 'அன்று' என்பதே. "கடன் வேண்டுமா?" என்பதற்கு 'வேண்டா' என்றே இருத்தல் வேண்டும். இன்னும் கொடிது, "என் மீது வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை" என்று எழுதி, அதன் எதிரில் 'ஆம் / இல்லை' என்று இரு கட்டங்கள் இடுவது. எதனை நிரப்பினால் எளியவன் தப்புவான்? ஒரு கட்டத்தை மாற்றி நிரப்பியதற்காக ஓய்வூதியமும் உதவித்தொகையும் தடைப்படும் மக்கள் உள்ள நாடு இது. வினாவை உடன்பாட்டிலேயே எழுதுக. விடையை வினையாகவே அச்சிடுக: "உண்டு / இல்லை", "பெற்றேன் / பெறவில்லை", "வேண்டும் / வேண்டா". இதற்குப் பொருட்செலவு இல்லை. தமிழ் அறிந்த ஒருவரைக் கேட்டாற் போதும்.

ஆட்சிமொழி தமிழ் என்று 1956-இலேயே சட்டம் செய்த நாட்டில், ஒரு படிவத்தின் கட்டத்தினுள்ளும் தமிழ் இலக்கணம் நுழையவில்லையாயின், அச்சட்டம் ஏட்டிலிருந்து இறங்கவில்லை என்பதே பொருள். தமிழ் வேண்டுமா என்று அரசு கேட்டால், தமிழர் 'யா' என்றும் சொல்ல வேண்டா, 'ஓகே' என்றும் சொல்ல வேண்டா. 'வேண்டும்' என்று தமிழ் வினையாலேயே விடையிறுப்பாராக!